முகத்தில் வலி, ஸ்கேனில் ஒன்றுமில்லை: மூளைப் படங்கள் நமக்குச் சொல்வது என்ன?



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் இதயம், சிறுநீரகம், சர்க்கரை நோய் தொடர்பானவையே அதிகம். அந்த நோயாளிகளிடம் காட்டுவதற்கு ஏதாவது இருக்கும்: இரத்தப் பரிசோதனைச் சீட்டு, எக்ஸ்ரே, ஸ்கேன் படம். வலியோடு வருகிறவர்களில் சிலரிடம் மட்டும் காட்ட ஒன்றும் இருப்பதில்லை. முகவலிக்காரர்கள் இந்த வகையில் சேர்ந்தவர்கள். "எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லேன்னுட்டாங்க" என்று அவர்கள் சொல்லும்போது குரலில் ஒரு வெட்கம் தெரியும். வீட்டில் நம்புவதில்லை. "மனசுல நினைச்சுக்கிட்டு வலிங்கிறா" என்பார்கள். கண்ணூறு என்பார்கள், ஜின் சேட்டை என்பார்கள். அதற்குள் ஒரு பக்கத்துக் கடைவாய்ப் பற்கள் இரண்டு மூன்று பிடுங்கப்பட்டிருக்கும். வலியோ அப்படியே இருக்கும்.

கடந்த முப்பது ஆண்டுகளில் மூளையைப் படம்பிடிக்கும் கருவிகளைக் கொண்டு முகவலியைப் பற்றி ஆய்வாளர்கள் பலவற்றைக் கண்டறிந்திருக்கிறார்கள். அவற்றில் நம் குடும்பங்களுக்குப் பயன்படும் செய்திகளை எளிய முறையில் இங்கே தருகிறோம்.

இது எந்த வலி?

முகத்தில் வலி வரப் பல காரணங்கள் உண்டு. சொத்தைப் பல், சைனஸ், தாடை மூட்டுத் தேய்மானம், அக்கி வந்து ஆறியபின் தங்கும் எரிச்சல் ஆகியவை பொதுவாகக் காணப்படுபவை. இவற்றிலிருந்து வேறுபட்ட ஒன்றை மருத்துவர்கள் ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்கிறார்கள். தமிழில் முக்கிளை நரம்பு வலி எனலாம். ஓர் ஆண்டில் லட்சம் பேரில் சிலருக்கே புதிதாக வரும் நோய் இது. ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் அதிகம். ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். இந்தி நடிகர் சல்மான் கான் தமக்கு இந்த நோய் இருந்ததையும், 2011இல் அமெரிக்கா சென்று சிகிச்சை பெற்றதையும் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்.

இதன் அடையாளம் தெளிவானது. முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும், கரண்டு அடித்தாற்போல் 'சுரீர்' என்று வரும். சில நொடிகள், மிஞ்சினால் இரண்டு நிமிடம் இருந்துவிட்டுப் போய்விடும். பிறகு மறுபடியும் வரும். பல் துலக்கினால், சோற்றை மென்றால், பேசினால், காற்று பட்டால், ஏன், கன்னத்தில் முக்காட்டுத் துணி உரசினால்கூட வலி கிளம்பிவிடும். முகம் கழுவினாலும் கிளம்பும். ஒரு நாளைக்கு ஐந்து வேளை ஒளு செய்யும் நம்மவர்களுக்கு இது எப்படிப்பட்ட சோதனை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வலி மருத்துவ உலகுக்குப் புதிதன்று. பாரசீகத்தைச் சேர்ந்த ஹக்கீம் இஸ்மாயீல் ஜுர்ஜானி ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு பக்கத்துப் பற்களையும் தாடையையும் பிடிக்கும் இத்தகைய வலியைப் பற்றி எழுதியிருக்கிறார் என்றும், நரம்புக்கு அருகில் இரத்தக்குழாய் இருப்பதைக் காரணமாகக் காட்டினார் என்றும் மருத்துவ வரலாற்று அறிஞர்கள் குறிப்பிடுகிறார்கள். அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டாண்டி 1930களில் அறுவையின்போது இதைத் தம் கண்ணால் கண்டார். மூளைத்தண்டிலிருந்து நரம்பு வெளியே வரும் இடத்தில் ஓர் இரத்தக்குழாய் அதன்மேல் அழுத்திக்கொண்டிருந்தது. கரண்டு வயரின் மேலுறை தேய்ந்தால் கம்பிகள் ஒன்றோடொன்று உராய்ந்து பொறி பறக்குமல்லவா? அதுபோல அழுத்தம்பட்ட இடத்தில் நரம்பின் மேலுறை தேய்ந்து, தொடுதலைச் சுமக்கும் இழையிலிருந்து வலியைச் சுமக்கும் இழைக்குச் செய்தி தாவிவிடுகிறது. மெல்லிய தொடுதல்கூடக் கடும் வலியாக மாறுவது இதனால்தான்.

முகத்திலிருந்து மூளை வரை

நெற்றிக்கும் கண்ணுக்கும் ஒரு கிளை, கன்னத்துக்கும் மேல்தாடைக்கும் ஒரு கிளை, கீழ்த்தாடைக்கு ஒரு கிளை என முகத்தின் இரு பக்கமும் இந்த நரம்பு மூன்றாகப் பிரிந்திருக்கிறது. பற்களின் உணர்வும் இதே நரம்பின் வழியாகவே போகிறது. நரம்பில் ஏற்படும் கோளாறு பல்வலி போலத் தோன்றுவதற்கும், நல்ல பற்கள் பிடுங்கப்படுவதற்கும் காரணம் இதுவே.

மூன்று கிளைகளும் காதுக்கு முன்புறம், மண்டையோட்டின் அடியில் ஒரு முடிச்சில் கூடுகின்றன. அங்கிருந்து மூளைத்தண்டுக்குள் நுழைகின்றன. வலியைச் சுமக்கும் இழைகள் நேரே மேலே போகாமல், கழுத்தின் மேற்பகுதி வரை கீழே இறங்குகின்றன. அங்கே அடுத்த நரம்பணுவிடம் செய்தியைக் கொடுக்க, அது மறுபக்கம் கடந்து மேலேறி, மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் என்ற பகுதியை அடைகிறது. நம் பகுதி விவசாயிகளுக்குப் புரியும்படி சொன்னால், தலாமஸ் ஒரு தலைமதகு. வரும் செய்தி அங்கிருந்துதான் பல வாய்க்கால்களாகப் பிரிகிறது. ஒன்று உணர்வுப் புறணிக்குச் செல்கிறது. எந்த இடம், எவ்வளவு கடுமை என்று கணக்கிடும் பகுதி அது. வேறு சில, இன்சுலா, முன் சிங்குலேட் என்னும் பகுதிகளுக்குச் செல்கின்றன. வலியைத் தாங்க முடியாத துன்பமாக உணர்வதிலும், வேறெதையும் நினைக்கவிடாமல் கவனத்தை இழுப்பதிலும் இவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு.

இந்த இரண்டும் வெவ்வேறு வேலைகள் என்பதற்குக் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் நடந்து 1997இல் வெளியான ஓர் ஆய்வு நல்ல சான்று. தன்னார்வலர்கள் கையைச் சூடான நீரில் வைத்தார்கள். சூட்டை மாற்றாமல், ஹிப்னாடிச முறையில் "இது அவ்வளவு துன்பமாக இல்லை" என்றும் "மிகத் துன்பமாக இருக்கிறது" என்றும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். துன்பம் கூடிக் குறைந்ததற்கேற்ப முன் சிங்குலேட்டின் செயல்பாடு கூடிக் குறைந்தது. உணர்வுப் புறணியில் அப்படி மாற்றம் தெரியவில்லை. பயமும் தனிமையும் வலியைப் பெருக்கும், ஆறுதல் அதைக் குறைக்கும் என்று நம் உம்மாமார்கள் அனுபவத்தில் அறிந்திருந்ததற்கு மூளையில் ஓர் இடம் இருப்பதை இந்த ஆய்வு காட்டுகிறது.

ஒரு தமிழரின் ஆய்வு

முகம் மூளையில் எங்கே பதிவாகிறது என்ற கேள்வியில் ஒரு தமிழரின் பங்கு குறிப்பிடத்தக்கது. 1951இல் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பேராசிரியரான வி. எஸ். ராமச்சந்திரன் கையை இழந்தவர்களை ஆராய்ந்தார். கண்ணைக் கட்டிக்கொண்ட ஒருவரின் கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டபோது, "என் கட்டை விரலைத் தொடுகிறீர்கள்" என்றார். மேலுதட்டைத் தொட்டால் ஆள்காட்டி விரல், கீழ்த்தாடையைத் தொட்டால் சுண்டுவிரல். அந்த விரல்களோ இல்லவே இல்லை!

காரணம் இதுதான். உணர்வுப் புறணியில் உடலின் வரைபடம் ஒன்று இருக்கிறது. அதில் கைக்குரிய இடமும் முகத்துக்குரிய இடமும் பக்கத்துப் பக்கத்தில் உள்ளன. கையிலிருந்து செய்தி வருவது நின்றதும், அந்தத் தரிசு நிலத்துக்குப் பக்கத்து வயலான முகத்தின் செய்தி பாய்ந்துவிட்டது என்பது அவர் தந்த விளக்கம். நரம்பணுக்களின் மின்னோட்டத்தால் தலைக்கு வெளியே உண்டாகும் மிக நுண்ணிய காந்தப்புலத்தை அளக்கும் கருவியால், ராமச்சந்திரனும் உடன் ஆய்வாளர்களும் இதைப் படமாகவே காட்டினார்கள். 1994இல் 'நேச்சர்' இதழில் அது வெளிவந்தது. இந்த இடமாற்றம் எவ்வளவு பெரியது என்பதில் பின்னர் வந்த ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் இதிலிருந்து கிடைக்கும் பாடம் உறுதியானது. இல்லாத விரலில் உணர்வு வந்தாலும் அது பொய் சொல்வதாகாது. அந்த உணர்வை உண்டாக்குவது மூளை, மூளை உண்மையாகவே அங்கு வேலை செய்கிறது. அதுபோல, பல் நன்றாக இருந்தும் பல்லில் வலி இருக்க முடியும்.

வேலை செய்யும் மூளையைப் பார்ப்பது எப்படி?

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் நம்மில் பலர் அறிந்தது. அதில் எக்ஸ்ரே கதிர்வீச்சு கிடையாது. வலுவான காந்தத்தைக் கொண்டு படமெடுக்கிறது. சாதாரண எம்.ஆர்.ஐ. மூளையின் அமைப்பை மட்டும் காட்டும். மூளையின் எந்தப் பகுதி இப்போது வேலை செய்கிறது என்று காட்டுவது செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா அமெரிக்காவில் 1990இல் இதற்கு வழி கண்டார். ஆக்சிஜனைச் சுமந்த இரத்தமும், ஆக்சிஜனை இறக்கிவிட்ட இரத்தமும் காந்தத்தின் முன் வேறு வேறு விதமாக நடந்துகொள்கின்றன. மூளையின் ஒரு பகுதி வேலையைத் தொடங்கினால் ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் அங்கே கூடுதலாகப் பாய்கிறது. கருவி அந்த வேறுபாட்டைப் பிடிக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எந்த வயலுக்கு மடை திறந்திருக்கிறது என்பதைக் கரையில் நின்று பார்த்துவிடலாம். அந்த வயலில் பயிர் எப்படி இருக்கிறது என்பது அதிலிருந்து தெரியாது. இந்தக் கருவியும் இரத்தம் பாய்வதைத்தான் பார்க்கிறது. வலியை நேரடியாகப் பார்ப்பதில்லை. அதுவும் நான்கைந்து நொடி தாமதித்துத்தான் பார்க்கிறது.

முகவலிக்காரர்களின் மூளையில் கண்டது

2011இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், முக்கிளை நரம்பு வலி உள்ளவர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, வலி கிளம்பும் இடத்தை மெல்லத் தொட்டார்கள். வலி தூண்டப்பட்டபோது மூளைத்தண்டு, தலாமஸ், உணர்வுப் புறணி, இன்சுலா, முன் சிங்குலேட் என்று மேலே சொன்ன பாதை முழுவதிலும் செயல்பாடு தெரிந்தது. சிகிச்சையால் வலி நீங்கியவர்களை மீண்டும் படமெடுத்தபோது அந்தச் செயல்பாடு பெரிதும் அடங்கியிருந்தது.

அதே ஆண்டு வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று, நரம்பு பாதிப்பால் வரும் முகவலியையும் தாடை மூட்டு வலியையும் ஒப்பிட்டது. நரம்பு பாதிப்பு உள்ளவர்களுக்குத் தலாமஸின் ஒரு பகுதி சற்றே சுருங்கியிருந்தது. தாடை மூட்டு வலிக்காரர்களிடம் அது காணப்படவில்லை. வெளியே இரண்டும் முகவலிதான். உள்ளே இரண்டும் வேறு நோய்கள். ஒருவருக்குக் கேட்ட மருந்து இன்னொருவருக்குக் கேட்காததற்கு இதுவும் ஒரு காரணம். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்ட மாத்திரையை வாங்கிச் சாப்பிடக் கூடாது என்பதற்கும்தான்.

நம்பிக்கை தரும் செய்தி கனடாவின் டொராண்டோவிலிருந்து 2015இல் வந்தது. வலியால் மாற்றமடைந்திருந்த இன்சுலாவின் தடிமன், சிகிச்சையால் வலி நீங்கியவர்களுக்குப் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது. நீண்ட நாள் வலி மூளையில் தடம் பதிக்கிறது. வலியைத் தீர்த்தால் அந்தத் தடம் மாறவும் கூடும். ஆகவே "வயசானா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும், பொறுத்துக்க" என்று சொல்லி ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவது சரியில்லை.

படம் சொல்ல முடியாதது

இவ்வளவு இருந்தும், ஒருவருக்கு வலி இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் ஸ்கேன் உலகில் எங்கும் இல்லை. பிறவியிலேயே வலி உணர்வு இல்லாத இருவரை இங்கிலாந்து ஆய்வாளர்கள் பரிசோதித்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். அழுத்திக் குத்தியபோது அவர்களுக்கு வலிக்கவில்லை. ஆனால் 'வலிப் பகுதிகள்' என்று சொல்லப்படும் இடங்கள் மற்றவர்களுக்கு இயங்குவது போலவே இயங்கின! திடீர் ஓசை, கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் என்று கவனத்தை இழுக்கும் எதுவும் அந்த இடங்களில் பலவற்றை இயக்கும். 2017இல் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் அமைத்த நிபுணர் குழு, ஒருவர் வலி என்று சொல்வதை உண்மையா பொய்யா எனத் தீர்மானிக்க மூளைப் படத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தது. வலியைப் பற்றி அறிய இன்றும் முதல் ஆதாரம், அதை அனுபவிப்பவரின் வாய்ச்சொல்தான்.

நம் வீடுகளில் நினைவில் வைக்க வேண்டியது இதைத்தான். மருத்துவமனையில் எடுக்கும் சாதாரண எம்.ஆர்.ஐ. கட்டி இருக்கிறதா, நரம்பு உறை நோய் இருக்கிறதா, இரத்தக்குழாய் நரம்பை அழுத்துகிறதா என்று பார்ப்பதற்கானது. அதில் "ஒன்றுமில்லை" என்று வந்தால், அந்த மூன்றும் தென்படவில்லை என்று பொருள். வலி இல்லை என்று பொருளன்று. மறுபுறம், வலியே இல்லாதவர்கள் சிலருக்கும் இரத்தக்குழாய் நரம்பை ஒட்டியிருப்பது ஸ்கேனில் தெரிவதுண்டு. எனவே படத்தை மட்டும் வைத்து எவரும் முடிவெடுப்பதில்லை. மருத்துவர் நோயாளியின் பேச்சைக் கேட்டே முடிவெடுக்கிறார். செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. முகவலியைப் பொறுத்தவரை ஆய்வுக்கான கருவி. வலியை அளந்து தருகிறோம் என்று யாராவது அதற்குப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

மருந்து பற்றிச் சில வார்த்தைகள்

இந்த நோய்க்குச் சாதாரண வலி மாத்திரைகள் கேட்பதில்லை. கார்பமாஸெபின் என்ற மருந்தே முதலில் தரப்படுவது. ஸ்வீடன் மருத்துவர் ப்ளோம் 1962இல் இதன் பயனை அறிவித்தார். இது வலிப்பு நோய்க்கும் தரப்படும் மருந்து. மாத்திரைச் சீட்டைப் பார்த்துவிட்டு "அந்தப் பொண்ணுக்கு வலிப்பாம்" என்று ஊரில் பேச்சைக் கிளப்புவது பெரும் அநியாயம். நரம்பின் கட்டுக்கடங்காத மின்துடிப்பை அடக்குவதுதான் அந்த மருந்தின் வேலை; இரண்டு நோயிலும் அது தேவைப்படுகிறது.

ஆரம்பத்தில் தலைசுற்றலும் தூக்கமும் வரலாம். இரத்தத்தில் உப்புச்சத்து குறையலாம். அரிதாகச் சிலருக்கு, பெரும்பாலும் முதல் சில வாரங்களில், உடலில் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண் என்று தொடங்கித் தோல் உரியும் ஆபத்தான ஒவ்வாமை உண்டாகும். அப்படித் தெரிந்தால் ஒரு வேளையும் காத்திராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஆசிய மக்களில் குறிப்பிட்ட ஒரு மரபணு உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல் என்பதால், சிங்கப்பூரில் 2013 முதல் மருந்தைத் தொடங்கும் முன் அதற்கான இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். சிங்கப்பூர், மலேசியாவில் இரத்த உறவுகள் உள்ள நம் குடும்பங்கள் இதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. மருந்து பலன் தராதபோது, நரம்பிலிருந்து இரத்தக்குழாயை விலக்கி வைக்கும் அறுவை உண்டு. அமெரிக்க மருத்துவர் பீட்டர் ஜானெட்டா 1960களில் செம்மைப்படுத்திய முறை அது.

ஒளுவும் நோன்பும்

முகத்தில் தண்ணீர் பட்டால் உயிர் போகிறது என்பதால் தொழுகையை விட்டுவிட்டு, அந்தக் குற்ற உணர்விலும் சேர்ந்து வாடுவோர் உண்டு. மார்க்கம் இவ்வளவு நெருக்கடியை யார்மீதும் சுமத்தவில்லை. ஹனஃபி, ஷாஃபி இரு மத்ஹபுகளிலும் ஒளுவில் வாய் கொப்பளிப்பதும் மூக்குக்குத் தண்ணீர் செலுத்துவதும் சுன்னத்தே. முகத்தைத் தேய்த்துக் கழுவுவது கடமையில்லை. தண்ணீர் ஓடினால் போதும். வெதுவெதுப்பான நீர் பலருக்கு ஒத்துக்கொள்கிறது. தண்ணீரே தீங்கு தரும் நிலையில் தயம்மும் என்ற சலுகை இருக்கிறது. திருக்குர்ஆனின் அன்னிஸா, அல்மாயிதா அத்தியாயங்களில் அந்தச் சலுகைக்குரியோரில் நோயாளிகளும் குறிப்பிடப்படுகிறார்கள். மற்ற உறுப்புகளைக் கழுவுவதையும் தயம்முமையும் எப்படிச் சேர்ப்பது, குளிப்பு கடமையானால் என்ன செய்வது என்பவற்றில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. ஆகவே தத்தம் பள்ளிவாசல் ஆலிமிடம் விவரத்தைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். ரமளானுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு, மாத்திரை வேளைகளை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். இந்த மருந்தைத் தாமாகத் திடீரென நிறுத்தக் கூடாது.

நாம் செய்ய வேண்டியவை

1. ஒரு பக்கமாக, கரண்டு அடிப்பது போன்ற வலி என்றால், பல்லைப் பிடுங்க ஒப்புக்கொள்ளும் முன் "இது நரம்பு வலியாக இருக்குமா?" என்று பல் மருத்துவரிடம் கேளுங்கள்.

2. வலி எப்போது வருகிறது, எத்தனை நொடி இருக்கிறது, எது தொட்டால் கிளம்புகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். நரம்பியல் மருத்துவருக்கு அந்தத் தாள் மிகப் பயன்படும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நம் பகுதிக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.

3. முகம் மரத்துப்போனால், இரு பக்கமும் வலித்தால், இளம் வயதிலேயே வந்தால், வாயில் ஆறாத புண் இருந்தால் தாமதிக்க வேண்டாம். ஐம்பதைக் கடந்தவருக்கு நெற்றிப்பொட்டில் வலியும், மெல்லும்போது தாடைச் சோர்வும், பார்வை மங்கலும் சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பார்வை பறிபோகும் நோயாக இருக்கலாம்.

4. எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகும் சகோதரிகள் முக்காட்டு ஊசி, ஊக்கு, நகை அனைத்தையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுச் செல்லுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

5. துஆ செய்யுங்கள், ஓதிப் பாருங்கள். அதோடு மருத்துவமும் செய்யுங்கள்.

6. வலியோடு இருப்பவரைத் தனியே விடாதீர்கள். சாப்பிடவும் பேசவும் அஞ்சி ஒதுங்குகிறவர் மனம் உடைந்துபோவார். கஞ்சியோ குழைந்த சோறோ ஆறவைத்துக் கொடுத்து, பேசச் சொல்லி வற்புறுத்தாமல் பக்கத்தில் இருங்கள்.

வழிச்செலவுக்கோ ஸ்கேனுக்கோ இயலாதவர்கள் தயங்காமல் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக எவருடைய மனுவையும் நாம் ஒதுக்கிவைக்க மாட்டோம், இன்ஷா அல்லாஹ். நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக, ஆமீன்.

— செயலாளர்